‘சும்மா வந்து உட்காரட்டும்’ என்கிற தம்பிக்கு என்ன சொல்வது?

வாசகர் கேள்வி:

என் மகனுக்கு 22 வயசுங்க. டவுன் சிண்ட்ரோம். சான்றிதழ்ல அறிவுசார் குறைபாடு 75 சதவீதம்னு இருக்குது. 18 வயசு வரைக்கும் சிறப்புப் பள்ளிக்குப் போனான். நாலு வருசமா வீட்டுலதான் இருக்கறான். தானாக் குளிப்பான், சாப்பிடுவான், சொன்ன வேலையைச் செய்வான். பத்து வரைக்கும் வாயில சொல்லுவான், பொருளை எண்ணச் சொன்னா அஞ்சுக்கு மேல தடுமாறுவான். திருப்பூர்ல என் தம்பி பனியன் கம்பெனி வெச்சிருக்கறானுங்க, நாப்பது பேரு வேலை செய்யறாங்க. “மாப்பிள்ளையை அனுப்பி வையக்கா, சும்மா வந்து உக்காரட்டும், வாரம் ஐநூறு குடுத்தர்றேன்”ங்கறான். பள்ளிக்கூட டீச்சரு காகிதக் கவரு, மெழுகுவத்தி செய்யப் பழக்கலாம்ங்கறாங்க. வேலைக்குப் போனா அரசாங்கம் குடுக்கற 2,000 ரூபா நின்னுருமோன்னு இவங்கப்பாவுக்கு வெசனம். கம்பெனியில நாலு பேரு கேலி பண்ணிப் போடுவாங்களோன்னு எனக்கு வெசனம். அனுப்பலாமுங்களா?

– அவிநாசிப் பக்கமிருந்து ஒரு தாய்

பதில்:

அனுப்பலாமுங்க. ஆனால் சும்மா உட்கார அனுப்ப வேண்டாம். இன்ன வேலை, இன்ன இடம், இன்ன கூலி என்று மூன்றும் பேசி முடிந்த பிறகு அனுப்புங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தள்ளிப் போடுங்கள்.

தம்பி பாசத்தில் சொல்கிறார், அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் வேலை ஓடுகிற கம்பெனியில் ஒருவர் மட்டும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பது பெரும்பாலும் ஒரே கதைதான். முதல் வாரம் எல்லோரும் கொஞ்சுவார்கள். அடுத்த வாரம் சலித்துப்போய் எழுந்து நடப்பார், அயர்ன் ஆகி அடுக்கியிருக்கும் பீஸைத் தொடுவார், யாராவது அதட்டுவார்கள். பிறகு “கண்ணு, போய் டீ வாங்கிட்டு வா” என்று ஆரம்பிக்கும். மாதம் முடிவதற்குள் “அவனுக்குத் தோதுப்படலைக்கா” என்று போன் வரும். கொடுக்கவே கொடுக்காத வேலையில் அவர் தோற்றுப் போனதாகக் கணக்காகிவிடும். அப்புறம் எந்தக் கம்பெனியில் கேட்டாலும் அந்தப் பேச்சுதான் முன்னால் போய் நிற்கும்.

தம்பிக்கும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அவரே யோசித்திருக்க மாட்டார். ஏற்றுமதி ஆர்டருக்கு ஜாப் வொர்க் எடுத்தாலும், சரக்கு வாங்கும் பையர் தரப்பில் கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வருவதுண்டு. வருகிற ஆடிட்டர் உள்ளே நிற்கும் ஆட்களை வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பார். பதிவேட்டில் பெயரில்லாத ஒருவர் உள்ளே இருந்தால் அதைக் குறையாக எழுதுவார். ஆகவே ஆடிட் நாளில் “மாப்ளே, இன்னிக்கு வீட்டுலயே இரு” என்பார்கள். உங்கள் மகன் அந்தக் கம்பெனியின் ஆளா, விருந்தாளியா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். தம்பியிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். உறவைக் காட்டிப் பேசுவதைவிட இது சீக்கிரம் எடுபடும்.

டீச்சர் சொன்ன காகிதக் கவரும் மெழுகுவத்தியும் பள்ளியில் கைப்பழக்கத்துக்குச் சரி. பிழைப்புக்கு அது போதாது. செய்த பொருளுக்கு வாங்க ஆள் வேண்டும். கண்காட்சியில் இரக்கப்பட்டு ஒரு தடவை வாங்குகிறவர் அடுத்த மாதம் வரமாட்டார். பனியன் மடித்துக் கவரில் போடத் தெரிந்தவருக்குத் திருப்பூரில் தெருவுக்குத் தெரு வேலை இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோவது கடினம். வகுப்பறை மேஜையில் அழகாகச் செய்தவர் கம்பெனி மேஜையில், அந்தச் சத்தத்தில், வேறு கவரைக் கையில் கொடுத்தால் திகைத்து நின்றுவிடுவார். ‘முதலில் பயிற்சி, பிறகு வேலை’ என்பதைத் திருப்பிப் போடுங்கள். வேலை செய்யப் போகிற மேஜையிலேயே, அந்தச் சாமானை வைத்தே கற்றுக்கொடுக்க வேண்டும்.

எந்த வேலை என்பதில்தான் நிதானம் தேவை. மகனுடைய சிறப்பாசிரியரோ, நிதானமாகக் கவனிக்கத் தெரிந்த உறவுக்காரர் ஒருவரோ, கம்பெனியில் அரை நாள் நின்று பார்க்கட்டும். நீங்கள் போக வேண்டாம், உங்களுக்கு மகன் மட்டும்தான் கண்ணில் தெரிவார். பார்க்க வேண்டியது, கைத்தேர்ச்சி உள்ள ஆட்கள் எந்தச் சின்ன வேலையில் நேரத்தை இழக்கிறார்கள் என்பதை. அந்தச் சின்ன வேலையைத் தனியாகப் பிரித்து எடுத்தால் உங்கள் மகனுக்கும் வேலை, தம்பிக்கும் லாபம்.

பனியன் கம்பெனியில் ‘எளிது’ என்று முதலில் கை காட்டுவது பெரும்பாலும் பிசிறு வெட்டும் வேலையை. அது எளிதே அல்ல. தையல் ஓரத்தில் தொங்கும் நூலுக்கும் துணிக்கும் நடுவே ஒரு நூலிழைதான் இடைவெளி. டிரிம்மர் கொஞ்சம் சறுக்கினால் பீஸில் ஓட்டை விழும், டேமேஜ் கணக்கு அன்றைக்கே ஏறும். அடுத்து கைமடி வேலை, அதாவது டெய்லருக்கு எடுத்துக் கொடுக்கும் உதவியாள் வேலை. நாலு டெய்லர் ஒரே நேரத்தில் “பண்டல் கொண்டா” என்பார்கள், சைஸ் பார்க்க வேண்டும், கலர் பார்க்க வேண்டும். பல பேர் ஏவுகிற வேலையில் உங்கள் மகன் முதல் நாளே குழம்பிப் போவார். செக்கிங்கில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும், அது வேண்டாம். கறை எடுக்கும் கெமிக்கல் கன் பக்கமே போகக் கூடாது. கட்டிங் வேஸ்ட்டைக் கலர் பிரிப்பது செய்யக்கூடிய வேலைதான். ஆனால் பஞ்சுத் தூசி. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குச் சளித் தொல்லை சுலபமாக வரும் என்பதால் அதையும் தவிர்ப்பேன்.

மிஞ்சுவது பேக்கிங். அதிலும் முழு பேக்கிங் அல்ல. டேக் போடுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது, கவரில் போடுவது, சைஸ் கலந்து பெட்டியில் அடுக்குவது என்று நாலு வேலை அதில் இருக்கிறது. கடைசியில் உள்ள அசார்ட்மென்ட் வேலைக்கு எண்ணிக்கை வேண்டும், எழுத்து தெரிய வேண்டும். கவரில் போடும் வேலைக்கு இரண்டும் வேண்டாம். அதில் தொடங்குங்கள்.

‘கவரில் போடு’ என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். பிரித்துப் பார்த்தால் பதினோரு படி இருக்கிறது. இடப்பக்க அடுக்கிலிருந்து ஒரு கவர் எடுக்க வேண்டும். வாயைப் பிரிக்க வேண்டும். மடித்த பீஸ் ஒன்றை எடுக்க வேண்டும். காலர் மேலே பார்த்திருக்க வேண்டும். அடிப்பக்கத்தை முதலில் விட்டு மூலை வரை தள்ள வேண்டும். உள்ளங்கையால் தடவிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பசைப் பட்டையின் மேல் தாளை உரிக்க வேண்டும். உரித்ததைக் குப்பைக் கூடையில் போட வேண்டும். மூடியைக் கோடு வரை மடிக்க வேண்டும். அழுத்தித் தேய்க்க வேண்டும். வலப்பக்கத் தட்டில் வைக்க வேண்டும்.

இந்தப் பதினொன்றில் தகராறு செய்வது மூன்று. முதலாவது, கவர் இரண்டாக ஒட்டிக்கொண்டு வரும், வாய் திறக்காது. கவரின் ஒரு மூலையைக் கிளிப்பில் மாட்டி, வாய் மேலே பார்க்கிற மாதிரி சாய்வுப் பலகை ஒன்று வைத்தால் பாதிச் சிரமம் போய்விடும். அந்தப் பலகையை ஒரு ஆசாரி அரை மணி நேரத்தில் அடித்துக் கொடுப்பார். இரண்டாவது, பசைத் தாள் உரிப்பது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு விரல் குட்டையாகவும் தசை தளர்வாகவும் இருக்கும். நக நுனியில் பிடித்து இழுக்கும் வேலை அவர்களுக்கு நம்மைவிடக் கடினம். கற்றுக்கொடுக்கிறவர் முதலில் தாளைப் பாதி உரித்து வைத்துக் கொடுக்கட்டும். அவர் இழுக்கப் பழகியதும் கால்வாசி, பிறகு முனை மட்டும், கடைசியில் முழுதும் அவரே. பணம் எண்ணுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் ரப்பர் விரலுறை ஒன்றைக் கட்டைவிரலில் மாட்டிப் பாருங்கள், பலருக்கு அதுவே போதும். மூன்றாவது, மூடியைக் கோணலாக ஒட்டிவிட்டுத் திருப்பிப் பிரிப்பது. கவர் கிழியும். மேஜையில் கலர் டேப்பால் இரண்டு கோடு போட்டு, கவர் அதற்குள் படுத்த பிறகுதான் மடிக்க வேண்டும் என்று பழக்கினால் கோணல் குறையும்.

பழகும்போது கவர் வீணாகும், பீஸ் கசங்கும். முதல் நாளே தம்பியிடம் சொல்லி, குறை உள்ளதென்று ஒதுக்கிய செகண்ட்ஸ் பீஸ் இருபது முப்பதும் ஒரு கட்டுக் கவரும் ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். ஷிப்மென்ட் பீஸில் கை வைத்துப் பழகினால் முதல் தப்பிலேயே பேக்கிங் மாஸ்டர் முகம் மாறிவிடும்.

கற்றுக்கொடுக்கும் வரிசையும் தலைகீழ். முதல் நாள், பத்துப் படியையும் கற்றுக்கொடுக்கிறவர் செய்வார். தட்டில் வைக்கும் பதினோராவது மட்டும் உங்கள் மகன் செய்வார். வேலை தன் கையில் முடிந்தது என்பது ஒவ்வொரு பீஸிலும் அவருக்குத் தெரியும். அது நிலைத்ததும் அழுத்தித் தேய்ப்பது, பிறகு மடிப்பது என்று பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். முதல் படியில் ஆரம்பித்தால் கவர் வாய் திறக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டு, முடிந்த பீஸ் ஒன்றையும் பார்க்காமல் சலித்துப் போவார்.

வாய்ப்பேச்சைக் குறைக்க வேண்டும். “இப்படிப் பிடி, இல்ல இல்ல, அப்படி இல்ல கண்ணு, பாரு” என்று பேசிக்கொண்டே இருந்தால் அவர் கை வேலையில் இருக்காது, காது பேச்சில் இருக்கும். ஒரு படியில் நின்றுவிட்டால் மனசுக்குள் ஐந்து எண்ணிக் காத்திருங்கள். அப்புறமும் அசையாவிட்டால் விரலால் சுட்டிக் காட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் செய்து காட்டுங்கள். கடைசியாகத்தான் கையைப் பிடித்துச் செய்ய வைப்பது. பேச்சு குறைவான இந்த முறைக்கு உள்ளூரில் இன்னொரு வசதியும் உண்டு. திருப்பூர் பேக்கிங் மேஜைகளில் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் நிறைய. தமிழ் தெரியாத அக்காகூட உங்கள் மகனுக்குச் சுட்டிக் காட்ட முடியும்.

ஒரு கட்டம் போட்ட தாள் வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பதினோரு படி, மேலே தேதி. தானாகச் செய்தால் ‘தா’, காட்டியபின் செய்தால் ‘கா’, கை பிடித்துச் செய்தால் ‘பி’. தொடர்ந்து மூன்று நாள் ‘தா’ விழுந்த படி தேறியது. பத்து நாளாக ஒரே படியில் ‘பி’ விழுந்துகொண்டிருந்தால் குறை அவரிடம் இல்லை, சொல்லிக்கொடுக்கும் விதத்திலோ சாமானிலோ இருக்கிறது. அந்தப் படியை மேலும் இரண்டாக உடைக்க வேண்டும், இல்லையென்றால் பலகை, கிளிப் என்று ஏதாவது மாற்றிப் பார்க்க வேண்டும். 1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர், எதற்கும் ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 15 பாகம் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தது இந்த வழியில்தான். பிரேக்கோடு ஒப்பிட்டால் இந்தக் கவர் வேலை ஒன்றுமேயில்லை.

எண்ணிக்கை வராதே என்று கவலை வேண்டாம். அட்டையில் பத்து அறை வைத்துத் தட்டு ஒன்று செய்யுங்கள். எல்லா அறையும் நிறைந்தால் அக்காவிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து என்ற எண் அவர் மண்டைக்குள் இருக்க வேண்டியதில்லை, தட்டில் இருந்தால் போதும். அவர் மேஜைக்கு ஒரு நேரத்தில் ஒரு சைஸ் மட்டும் வரட்டும். ‘எம்’ சைஸ் முடிந்து ‘எல்’ சைஸ் வரும்போது தட்டின் மேல் ஒட்டிய கலர்ப் பொட்டை மாற்றினால் போதும்.

அடுத்து, யார் கற்றுக்கொடுப்பது. நீங்கள் கூடாது என்று திரும்பவும் சொல்கிறேன். அம்மா பக்கத்தில் இருக்கும்வரை அவர் அம்மாவின் பிள்ளையாகத்தான் இருப்பார், மற்றவர்களும் அவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்வார்கள். பள்ளியில் தொழிற்பயிற்சி ஆசிரியர் இருந்தால் அவரைக் கேளுங்கள். இல்லையென்றால் பொறுமையுள்ள உறவுக்காரப் பிள்ளை ஒருவருக்கு, ஆசிரியர் இரண்டு நாள் முறையைக் காட்டிக் கொடுத்தால் போதும். அவருக்கு ஒரு சம்பளம் பேசிக்கொள்ளுங்கள். இனாமாக வருகிறவர் முதல் கல்யாண சீசனில் காணாமல் போவார். முதல் இரண்டு வாரம் அவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பிறகு முதுகுக்குப் பின்னால், அடுத்து எதிர் மேஜையில், அப்புறம் காலையில் ஒரு மணி நேரம், அப்புறம் வாரம் ஒரு நாள். இந்த விலகலின் வேகத்தைத் தாளில் விழும் ‘தா’ தீர்மானிக்கட்டும், காலண்டர் தீர்மானிக்கக் கூடாது. ஒரே நாளில் மறைந்துவிடுவதும், ஆறு மாதம் ஆகியும் ஒட்டிக்கொண்டே இருப்பதும் ஒரே அளவுக்குக் கெடுதல்.

அவர் விலக விலக, மேஜையில் இருக்கும் ஒருவர் அந்த இடத்துக்கு வர வேண்டும். சூப்பர்வைசர் பெயரிட்டுக் கொடுக்கும் ஆளைவிட, சந்தேகம் வந்தால் உங்கள் மகன் தானாகத் திரும்பிப் பார்க்கும் ஆளே சரியான ஆள். ஒன்றுக்கு இரண்டு பேராக இருக்கட்டும். நம் ஊரில் ஆட்கள் கம்பெனி மாறுவது சகஜம். தீபாவளி, பொங்கல் முடிந்து போனவர்கள் திரும்பி வராத நேரத்தில்தான் இந்த மாதிரி வேலைகள் அறுந்து போகின்றன. நோம்பி லீவு முடிந்து கம்பெனி திறக்கும் முதல் இரண்டு நாளும், ஷிப்மென்ட் அவசரத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும் நாளிலும், கற்றுக்கொடுத்தவர் ஒரு எட்டு வந்து நிற்பது நல்லது.

ராத்திரி வரை நீளும் ஒன்றரை ஷிப்ட் உங்கள் மகனுக்கு வேண்டாம். முதல் மாதம் காலை எட்டரையிலிருந்து ஒரு மணி வரை. வேகம் நிலைத்த பிறகு சாயங்காலம் வரை. ராத்திரி ஓவர்டைம் எப்போதும் இல்லை என்று தம்பியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பேக்கிங்கில் பெரும்பாலும் நின்றுகொண்டே வேலை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பாதம் தட்டையாக இருப்பது வழக்கம், கால் சீக்கிரம் வலிக்கும். மேஜை உயரத்துக்கு ஏற்ற ஸ்டூல் ஒன்று கேளுங்கள்.

சேரும் முன் டாக்டரிடம் நாலு விஷயம் பாருங்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனை வருஷத்துக்கு ஒரு முறை அவசியம். அது குறைந்தால் வரும் மந்தத்தைச் ‘சோம்பேறித்தனம்’ என்பார்கள். காது கேட்கும் திறன், கண் பார்வை இரண்டையும் சோதியுங்கள். ராத்திரி பலமாகக் குறட்டை விட்டுப் பகலில் தூங்கி விழுகிறார் என்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று கேளுங்கள். இவர்களில் சிலருக்குக் கழுத்தெலும்பின் மேல் மூட்டு தளர்வாக இருக்கும். ஆகவே பெட்டியோ பண்டலோ தலையில் தூக்கி வைக்கக் கூடாது என்பதைச் சூப்பர்வைசரிடம் தனியாகச் சொல்லுங்கள். “பையன் கட்டுமஸ்தாத்தானே இருக்கறான்” என்று லாரி ஏற்றக் கூப்பிடுவார்கள்.

கூலிக்கு வருவோம். வாரம் ஐநூறு என்பது கூலி ஆகாது, மாமன் கொடுக்கும் நோம்பிக் காசு. மாற்றுத்திறனாளி என்பதற்காக அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே முதலாளி தானாகக் குறைத்துக்கொள்ள முடியாது. அதே சமயம் தம்பி கேட்கப்போவது, “மத்தவங்க போடறதுல பாதி கூடப் போடமாட்டானேக்கா” என்று. கேள்வி நியாயமானது, கணக்கோடு பதில் சொல்லுங்கள். அதே மேஜையில் மூன்று பேர் ஒரு மணி நேரத்தில் எத்தனை கவர் போடுகிறார்கள் என்று எண்ணிச் சராசரி எடுங்கள். சராசரி 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மகன் எட்டாவது வாரம் 45 போட்டால், எங்கே நேரம் போகிறது என்று தாளைப் பாருங்கள். பலருக்கு அது பசைத் தாள் உரிக்கும் படியில்தான் இருக்கும், சாமானை மாற்றினால் வேகம் ஏறும். வேகம் ஏறாத பட்சத்தில் குறைக்க வேண்டியது மணி நேரத்தை, மணிக்கான கூலியை அல்ல. நாலு மணி நேர வேலைக்கு நாலு மணி நேரக் கூலி. டேக் எடுத்து அடுக்கி வைப்பது, காலிப் பெட்டி மடித்துத் தருவது என்று பக்கத்து வேலை ஒன்றையும் சேர்த்தால் தம்பிக்கும் கணக்கு நேராகும். ஒரு பீஸுக்கு இவ்வளவு என்கிற பீஸ் ரேட்டுக்கு ஆரம்பத்திலேயே ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆர்டர் இல்லாத வாரம் அவர் கை வெறுமையாகும், ஏன் என்று அவருக்குப் புரியாது.

பயிற்சிக் காலம் என்று வைத்தால் எட்டு வாரம், முடியும் தேதியோடு எழுதி வாங்குங்கள். முடிவு தேதியில்லாத பயிற்சி நாலு வருஷம் ஓடும். நாற்பது பேர் வேலை செய்யும் இடத்துக்கு இ.எஸ்.ஐ.யும் பி.எஃப்.பும் பொருந்தும். பதிவேட்டில் பெயர் ஏறும் நாளிலேயே இரண்டிலும் சேர்க்கச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். வேலையிடத்தில் கை நசுங்கினால் மருத்துவத்துக்கும் இழப்பீட்டுக்கும் அதுதான் வழி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைக்க வேண்டும். 4 சதவீத இடஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்குத்தான். தம்பியைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை, ஆனால் அந்தக் கொள்கைத் தாள் ஆடிட்டுக்கு அவருக்கே உதவும்.

சம்பளம் மகன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் விழட்டும். கணக்குத் தொடங்க வங்கியில் காப்பாளர் சான்று கேட்டால், 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். வேலைக்குச் சேர அந்தச் சான்று தேவையில்லை, அது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எல்லாம் வங்கிக்கே போய்விட்டால் வேலைக்கும் காசுக்கும் உள்ள தொடர்பு அவருக்குத் தெரியாமல் போகும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்னத் தொகை அவர் கையில் கொடுத்து, அவருக்குப் பிடித்த எதையாவது அவரே வாங்கட்டும். ஐம்பதுக்கு மேல் பையில் வேண்டாம். “தம்பி, நூறு ரூவா குடு, அடுத்த வாரம் தர்றேன்” என்று கேட்கிறவர்கள் எல்லாக் கம்பெனியிலும் ஒருவராவது இருப்பார்கள்.

2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை பற்றி: காதில் விழுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போய், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு மனு கொடுங்கள். ‘மகன் இன்ன கம்பெனியில் மாதம் இவ்வளவு சம்பளத்தில் சேரப் போகிறார், உதவித்தொகை தொடருமா’ என்று இரண்டே வரி போதும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். மறைத்து வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சம்பளம், உதவித்தொகை இரண்டு பக்கமும் ஆதார் எண் இருக்கிறது. அவங்கப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: தொகை நின்றாலும் அரை நாள் கூலி அதைத் தாண்டுகிறதா என்று காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுக் கவலைப்படட்டும்.

கேலிக்கு விழிப்புணர்வுக் கூட்டம் போடுவதால் பெரிய பலன் இல்லை. எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். டீ நேரத்தில் பேக்கிங் மேஜைக்காரர்களிடம் மட்டும் கற்றுக்கொடுக்கிறவர் பத்து நிமிஷம் பேசட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், குழந்தையிடம் பேசுவது போல் பேசாதீர்கள். தப்பை அப்போதே, அவரிடமே காட்டுங்கள். டீ வாங்கவோ பீடி வாங்கவோ அனுப்பாதீர்கள். இவ்வளவு போதும். தன் வேலையை ஒழுங்காக முடிக்கிற ஆளைக் கேலி செய்வது தானாகக் குறையும். அதற்கும் மேல் யாராவது சீண்டினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பெயரை மகனுக்குப் பழக்குங்கள். உடம்பில் எங்கே யார் தொடக் கூடாது, பாத்ரூமுக்கு யாரோடும் சேர்ந்து போகக் கூடாது என்பதை வீட்டில் நடித்துக் காட்டியே சொல்லித் தாருங்கள். 22 வயது ஆணுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். ‘சொல்லத் தெரியாது’ என்று நம்பித்தான் இப்படிப்பட்டவர்களிடம் கை நீட்டுகிறார்கள்.

பஸ் பயணத்தையும் வேலையைப் போலவே படிப்படியாகப் பழக்க வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் பயணம் இலவசம், அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். முதலில் பக்கத்து சீட்டில், பிறகு நாலு சீட் தள்ளி, பிறகு அடுத்த பஸ்ஸில் பின்தொடர்ந்து. இறங்க வேண்டிய இடத்தை ஸ்டாப் பெயரால் பழக்காமல் கண்ணில் படும் அடையாளத்தால் பழக்குங்கள். ஆனால் பேனர், போஸ்டர் வேண்டாம், அது அடுத்த வாரம் இருக்காது. பாலம், கோயில் கோபுரம் நிலைத்த அடையாளம்.

ஒரு காலைப்பொழுது போகமாட்டேன் என்று அடம் பிடித்தால் உடனே வேலையை விட்டு நிறுத்திவிடாதீர்கள், கொஞ்சி அனுப்பியும் விடாதீர்கள். முந்தின நாள் என்ன மாறியது என்று விசாரியுங்கள். மேஜை மாற்றியிருப்பார்கள், புது மாடல் கவர் வந்திருக்கும், பழகின அக்கா லீவாக இருப்பார், அல்லது யாரோ ஏதோ செய்திருப்பார்கள். கடைசியாகச் சொன்னதை முதலில் விசாரியுங்கள்.

மூன்று மாதம் முடிந்தும் தாளில் பாதிப் படிகள் தேறாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. அந்த வேலை அவருக்குப் பொருந்தவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி வேலை வராதவர்களுக்கு முழுக் கையால் செய்யும் வேலை வரும். அட்டைப்பெட்டியை விரித்து, அடிப்பக்கம் மடித்து, டேப் ஒட்டும் இடம் பேக்கிங் மேஜைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே அந்த வேலையைப் படிப்படியாகப் பிரித்து, புதுத் தாளில் தொடங்குங்கள்.